கத்தியும் உறையும் ஒன்றாக வாழ்ந்தனவா?

கேள்வி: வணக்கம் ஐயா. பத்து வருடமாக இங்கிலாந்தில், லெஸ்டரில் இருக்கிறேன். போன மாதம் ஞாயிற்றுக்கிழமை கார் பூட் சந்தையில் ஒரு பெண் தன் தாத்தாவின் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு கமாண்டோ குத்துக்கத்தியைத் தோல் உறையோடு வாங்கினேன். இரண்டாம் உலகப்போரில், 1942இல், பிரான்சின் செயின்ட் நஸேர் துறைமுகத்தில் பிரிட்டிஷ் கமாண்டோக்கள் நடத்திய தாக்குதலுக்குத் தாத்தா கொண்டுபோன கத்தி என்றார். தாத்தாவின் பெயரும் படை எண்ணும் எழுதிய ஒரு தாளையும் கொடுத்தார். பதினொரு படங்கள் அனுப்பியிருக்கிறேன். இது அசலா? உறையும் அதே காலத்ததா? ஆயுத பூஜைக்குள் சுத்தம் செய்து வைக்க ஆசை. புளி போட்டுத் தேய்க்கலாமா என்று அம்மா கேட்கிறார்.

பதில்: முதலில் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், புளி வேண்டாம். விபூதியும் வேண்டாம், பிராஸோ பாலிஷும் வேண்டாம், ஸ்டீல் வுல் வேண்டவே வேண்டாம். மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம். இதை மட்டும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

படங்களை இரண்டு நாள் வைத்துப் பார்த்தேன். கத்தி போர்க்காலத்து அசல் என்றே நினைக்கிறேன். உறை அதனுடையது அல்ல, பிற்காலத்தது. விற்றவர் சொன்ன கதை இந்தக் கத்திக்குப் பொருந்தாது. ஆனால் அந்தத் தாத்தாவுக்குப் பொருந்தலாம். மூன்றையும் எப்படிச் சொல்கிறேன் என்று ஒவ்வொன்றாக எழுதுகிறேன். நீங்களே கையில் எடுத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

உங்களிடம் இருப்பது ஃபேர்பேர்ன்-சைக்ஸ் கத்தி. வில்லியம் ஃபேர்பேர்ன், எரிக் சைக்ஸ் இருவரும் ஷாங்காய் நகரக் காவல்துறையில் வேலை பார்த்தவர்கள். அந்த ஊர்த் தெருக்களில் கைகலப்பும் கத்திக்குத்தும் எப்படி நடக்கும் என்பதை நேரில் பார்த்தவர்கள். 1940இல் பிரிட்டனுக்குத் திரும்பி, ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் கமாண்டோக்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அந்த வருடம் நவம்பரில் லண்டனில் வில்கின்சன் ஸ்வோர்ட் நிறுவனத்தாரோடு உட்கார்ந்து பேசி இந்தக் கத்தியை வடிவமைத்தார்கள். 1941 ஜனவரியில் முதல் தொகுதி வந்தது.

சேகரிப்பவர்கள் இதை மூன்று வகையாகப் பிரிப்பார்கள். முதல் வகையைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கலாம். பிடிக்கும் அலகுக்கும் நடுவில் இருக்கும் காப்புத் தகடு 3 அங்குல அகலம், ஆங்கில எஸ் எழுத்தைப் படுக்கவைத்த மாதிரி வளைந்திருக்கும். அலகு ஆறரை அங்குலம். இரண்டாம் வகையில் காப்புத் தகடு நேராகிவிட்டது, அகலமும் 2 அங்குலமாகக் குறைந்தது, அலகு 7 அங்குலத்தை ஒட்டி நீண்டது. இந்த இரண்டு வகையிலும் பிடி பித்தளை. கைக்குள் வழுக்காமல் இருக்க அதில் குறுக்கும் நெடுக்குமாகச் சொரசொரப்பாக வெட்டியிருப்பார்கள். அந்த வெட்டு வேலைக்கு நேரம் பிடிக்கும். போர் நடக்கும்போது பித்தளைக்குத் தோட்டா உறை முதல் எல்லாவற்றுக்கும் தேவை இருந்தது. அதனால் 1943 அக்டோபர் வாக்கில் மூன்றாம் வகை வந்தது. அதன் பிடி உலோகக் கலவையில் அச்சில் வார்த்தது. சொரசொரப்புக்குப் பதிலாகப் பிடியைச் சுற்றி வளையம் வளையமாக வரிகள்.

உங்கள் இரண்டாவது படத்தில் அந்த வளையங்கள் தெளிவாகத் தெரிகின்றன. செயின்ட் நஸேர் தாக்குதல் நடந்தது 1942 மார்ச் 28. இந்த வகைப் பிடி வருவதற்கு இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. ஆகவே இந்தக் கத்தி அங்கே போயிருக்க முடியாது. இதைச் சொல்லப் பூதக்கண்ணாடிகூடத் தேவையில்லை. பழைய ஆயுதம் வாங்கும்போது கதையைக் கேட்டவுடன் முதலில் செய்ய வேண்டியது இதுதான். கதையில் வரும் தேதியையும் பொருளின் வடிவம் பிறந்த தேதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாதிக் கதைகள் அங்கேயே நின்றுவிடும்.

சரி, மூன்றாம் வகைதான். ஆனால் போர்க்காலத்து மூன்றாம் வகையா, பிற்பாடு வந்ததா? உண்மையான சிரமம் இங்கேதான். போர் முடிந்த பிறகும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஊர்ப் பட்டறைகள் இதே வடிவத்தை விடாமல் செய்தன. ராணுவத்துக்கும் செய்தன, கடைகளில் விற்கவும் செய்தன. இன்றைக்கும் புதிதாக வாங்கலாம். பார்க்க அண்ணன் தம்பி மாதிரியே இருக்கும்.

சில விஷயங்கள் சட்டென்று உதவும். காப்புத் தகட்டிலோ அலகிலோ 'இங்கிலாந்து', 'ஷெஃபீல்டு' என்று நாட்டின் பெயரோ ஊரின் பெயரோ இருந்தால் அது பெரும்பாலும் போருக்குப் பிந்தையது. அமெரிக்கா போன்ற நாடுகளுக்கு அனுப்பும் பொருளில் செய்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்பது சட்டம். தன் நாட்டு ராணுவத்துக்கே கொடுக்கும் கத்தியில் அதை யாரும் பொறிக்க மாட்டார்கள். உங்கள் கத்தியில் அப்படி எதுவும் இல்லை. செய்தவர் பெயரும் இல்லை. அதை நினைத்துக் கவலைப்படாதீர்கள், மூன்றாம் வகையில் பெரும்பாலானவை பெயர் இல்லாதவைதான். வில்கின்சன் பெயர் இல்லையே என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தீர்கள். மூன்றாம் வகையில் அந்தப் பெயரைப் பளிச்சென்று பார்த்திருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

உங்கள் கத்தியின் காப்புத் தகட்டில் ஓர் அம்புக்குறியும், அதன் கீழே 'பி2' என்ற முத்திரையும் இருக்கின்றன. அகன்ற அம்பு பிரிட்டிஷ் அரசுச் சொத்துக்கான அடையாளம். பி2 என்பது சரக்கைப் பார்த்து ஏற்றுக்கொண்ட ஆய்வாளர் முத்திரை. இரண்டும் இந்தக் கத்தியில் எதிர்பார்க்கக்கூடியவை. ஆனால் முத்திரை இருக்கிறது என்பதோடு திருப்திப்படக் கூடாது. அம்புக்குறியைப் பொறிக்கும் உளியை யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். முத்திரை எப்போது விழுந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அதற்காகத்தான் உங்களிடம் ஐந்தாவது படத்தை மறுபடி வெயிலில், பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுக்கச் சொன்னேன். இந்தக் கத்திகளை ராத்திரியில் மினுங்கக் கூடாது என்று கறுப்பாக்கிக் கொடுத்தார்கள். உங்கள் காப்புத் தகட்டின் மேல்பரப்பில் கறுப்பு தேய்ந்து பழுப்பும் சாம்பலுமாக இருக்கிறது. ஆனால் அம்புக்குறியின் பள்ளத்துக்குள் கறுப்பு அப்படியே தங்கியிருக்கிறது. முதலில் முத்திரை, அதன் மேல் கறுப்பு, அப்புறம் பல வருடத் தேய்மானம் என்ற வரிசை அதில் தெரிகிறது. பின்னால் யாராவது அடித்திருந்தால் சுற்றிலும் கறுப்பும் பள்ளத்தின் அடியில் வெளுத்த இரும்பும் இருக்கும். இன்னொன்று, உளி விழும்போது பள்ளத்தின் கரையில் உலோகம் லேசாகப் பிதுங்கி மேடு தட்டும். பழைய முத்திரையில் கைபட்டுக் கைபட்டு அந்த மேடு மழுங்கிவிடும். விரல் நுனியால் வருடிப் பாருங்கள். பிசிறு தட்டினால் எனக்கு எழுதுங்கள். படத்தில் மழுங்கித்தான் தெரிகிறது.

இரண்டு அம்புகள் நுனியோடு நுனி முட்டிக்கொண்டு நிற்பதைச் சில பொருட்களில் பார்ப்பீர்கள். அது, அரசு இதைக் கழித்து விற்றுவிட்டது என்ற அடையாளம். உங்களுடையதில் இல்லை. கழித்து விற்காமலே வீட்டுக்கு வந்த கத்திகள் ஏராளம், அதனால் அதிலிருந்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

அலகின் நடு முதுகு நூல் பிடித்தாற்போல் நேராக இல்லை, நுனிக்கு 2 அங்குலம் முன்னால் லேசாக ஒரு பக்கம் ஒதுங்குகிறது. பயந்துவிடாதீர்கள். சாணைக்கல்லில் கையால் பிடித்துத் தீட்டியது அப்படித்தான் இருக்கும். நுனி கொஞ்சம் உடைந்து திரும்பத் தீட்டப்பட்டிருக்கிறது, அதனால்தான் நீங்கள் அளந்தபோது 7 அங்குலத்துக்குக் குறைவாக வந்தது. இந்தக் கத்தியின் நுனி மெல்லியது. பெட்டி நெம்பவும் டப்பா திறக்கவும் பயன்படுத்தினால் முதலில் போவது அதுதான். பிடியின் மேல்முனையில் உள்ள நட்டில் குறடு பட்ட தடம் எதுவும் இல்லை. யாரும் திறந்து மாற்றவில்லை என்று எனக்கு அதில்தான் பெரிய நிம்மதி. நீங்களும் திறக்க வேண்டாம்.

இனி உறை. எங்கள் வேலையில் ஜாடிக்கேற்ற மூடி கிடைப்பதுதான் அபூர்வம். கத்தி இரும்பு, எண்பது வருடம் தாங்கும். தோல் நைந்துபோகும், தொலைந்துபோகும், யாராவது வேறொன்றைக் கொண்டுவந்து பொருத்துவார்கள். விற்பவர்களும் அசல் கத்திக்குப் புது உறை, புதுக் கத்திக்குப் பழைய உறை என்று ஜோடி சேர்ப்பதுண்டு. பழைய ஒன்று இருந்தால் பார்ப்பவர் கண் இரண்டையும் பழையதாக நினைத்துக்கொள்ளும். அதனால் நான் எப்போதும் கத்தியையும் உறையையும் தனித்தனியாகப் பிரித்து வைத்து, இரண்டு வேறு ஆட்களிடமிருந்து வந்தவை போலத்தான் பார்ப்பேன். அதன் பிறகுதான் சேர்த்து வைப்பேன்.

தனியாகப் பார்த்தால் உங்கள் உறை முறையான வடிவம்தான். பழுப்புத் தோல், அடி நுனியில் தொப்பி மாதிரி மாட்டிய உலோகக் குப்பி, பிடியைச் சுற்றிப் பிடிக்க எலாஸ்டிக் பட்டை, இரு பக்கமும் காது மாதிரி இரண்டிரண்டு தோல் துண்டுகள். அந்தக் காதுகள் கால்சட்டையிலோ மேல்சட்டையிலோ வைத்துத் தைப்பதற்காக. இடுப்பு வாரில் மாட்டிக்கொண்டவர்கள் பலர் அவற்றை வெட்டி எறிந்துவிட்டார்கள். அதனால் காது வெட்டிய உறையைக் குறையுள்ளது என்று ஒதுக்கிவிடாதீர்கள். படைவீரன் வெட்டிய அந்த வெட்டுதான் சில சமயம் அதன் உயிரே. உங்களுடையதில் நான்கு காதுகளும் முழுசாக, ஓரம்கூட மடங்காமல் இருக்கின்றன. ஒரு தையல் துளைகூட இல்லை. இது மட்டும் குற்றமாகாது. கிடங்கிலேயே கிடந்த உறையும் உண்டு.

எனக்கு முதலில் நெருடியது எலாஸ்டிக். இழுத்தால் இழுபட்டுத் திரும்புகிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் காலத்து எலாஸ்டிக்கில் உள்ளே இருக்கும் ரப்பர் இத்தனை வருடத்தில் இறுகி நொறுங்கி, இழுத்தால் தொங்கிப்போகும், இல்லையென்றால் விட்டுப்போயிருக்கும். பிற்பாடு யாராவது மாற்றியிருக்கலாம் என்று நினைத்துத்தான் அது தைக்கப்பட்ட இடத்தை நெருக்கமாகப் படம் எடுக்கச் சொன்னேன். பட்டையை மாற்றியிருந்தால் பழைய ஊசித் துளைகள் புதுத் துளைகளுக்குப் பக்கத்தில் அநாதையாக நிற்கும். இங்கே ஒரே வரிசைத் துளைதான். தோலும் பட்டையும் நூலும் ஒரே நாளில் சேர்ந்தவை.

அடுத்தது வாய். கத்தி வருடக்கணக்காக உறையில் இருந்தால் காப்புத் தகடு உறையின் வாயில் உட்கார்ந்து உட்கார்ந்து தன் வடிவத்தைத் தோலில் பதித்துவிடும். பல வருடம் கண்ணாடி போட்டவரின் மூக்கில் தடம் இருக்குமே, அந்த மாதிரி. உங்கள் ஒன்பதாவது படத்தில் உறையின் வாய் தெரிகிறது. தடம் ஏதும் இல்லை. மாறாகக் கத்தியைப் பாருங்கள். காப்புத் தகட்டின் அடிப்பக்கம் நன்றாகத் தேய்ந்து, பிடிக்குக் கீழே தோல் உரசிய இடம் வழுவழுப்பாகி இருக்கிறது. இந்தக் கத்தி ஏதோ ஒரு உறையில் ஆயிரம் தடவை ஏறி இறங்கியிருக்கிறது. அது இந்த உறை இல்லை.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ரூபாய் நோட்டு பார்க்கப் பயன்படுத்தும் புறஊதா விளக்கு ஒன்று மலிவாகக் கிடைக்கும். இருட்டறையில் உறையின் தையல்மேல் அடியுங்கள். நூல் நீலவெள்ளையாகப் பளீரென்று ஒளிர்ந்தால் அதில் வெளுப்புக்கூட்டும் ரசாயனம் இருக்கிறது என்று அர்த்தம். நூலிலும் துணியிலும் அது பரவலாக வந்தது போருக்குப் பிறகுதான். ஒளிராவிட்டால் பழையது என்று முடிவு கட்ட வேண்டாம், பழைய மாதிரி நூலை இன்றைக்கும் வாங்கலாம். ஒளிர்ந்தாலும், யாராவது சோப்புத்தூள் போட்டுத் துடைத்திருக்கிறார்களா என்று யோசிக்க வேண்டும், இப்போதைய சோப்புத்தூளிலும் அதே ரசாயனம்தான்.

பழைய தோலோடு பித்தளை சேர்ந்திருந்தால் இன்னொரு சாட்சியும் கிடைக்கும், களிம்பு. தோலில் உள்ள கொழுப்பும் பித்தளையும் பல வருடம் ஒட்டியிருந்தால் பச்சையாக, மெழுகு மாதிரி ஒன்று கசியும். நம் வீட்டுக் குத்துவிளக்கின் பொருத்துகளில் வருமே, கிட்டத்தட்ட அதுதான். அது குப்பிக்கும் தோலுக்கும் இடையிலான இடுக்கிலிருந்து கிளம்ப வேண்டும். போலி செய்பவர்கள் மேலே பச்சையாக எதையாவது தடவுவார்கள், அது இடுக்குக்குள் போயிருக்காது. உங்கள் உறையில் களிம்பே இல்லை, குப்பி சுத்தமாக இருக்கிறது.

இதையெல்லாம் சேர்த்துத்தான் உறை போருக்குப் பிந்தையது என்கிறேன். ஏமாற்றச் செய்த போலி என்று சொல்லவில்லை. முறையாகச் செய்த நல்ல உறை, பிற்காலத்தது, அவ்வளவுதான். அந்தப் பெண் உங்களை ஏமாற்றினார் என்றும் நினைக்காதீர்கள். வீட்டில் சொல்லக் கேட்டதைச் சொல்லியிருக்கிறார்.

இப்போது புளி விஷயம். சில வருடங்களுக்கு முன்னால் ஒருவர் இரண்டாம் வகைக் கத்தி ஒன்றைக் கொண்டுவந்தார். அவர் அப்பா கொடுத்தது. என்னிடம் காட்டுவதற்கு முன் நன்றாக இருக்கட்டுமே என்று முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து பாலிஷ் போட்டிருக்கிறார். பிடி தங்கம் மாதிரி ஜொலித்தது. பள்ளங்களுக்குள் கறுப்பின் ஒரு துணுக்கு மட்டும் மிஞ்சியிருந்தது. அவருடைய அப்பாவின் கை எந்த இடத்தைப் பிடித்துத் தேய்த்ததோ, அந்தத் தேய்மானத்தின் வரைபடமே போய்விட்டது. அதை எந்த வேலைக்காரனாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. அவரிடம் அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். உங்கள் அம்புக்குறிப் பள்ளத்தில் இருக்கும் கறுப்பும் புளித்தண்ணீரில் ஒரு நிமிடத்தில் போய்விடும். அதோடு நான் மேலே எழுதிய சாட்சியும் போய்விடும்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மெல்லிய பருத்தித் துணியால் தூசி துடையுங்கள். அலகில் செந்துரு புள்ளி இருந்தால் ஒரு சொட்டு லேசான இயந்திர எண்ணெய் வைத்து ஒரு நாள் ஊறவிட்டு, துணியால் மட்டும் ஒற்றி எடுங்கள். பிறகு மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு, ரெனைசான்ஸ் வாக்ஸ் என்ற பெயரில் கிடைக்கும், பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வுக்கூடத்தில் உருவானது, அதை விரல் நுனியில் பட்டும் படாமலும் எடுத்துப் பூசித் துடைத்துவிடுங்கள். உறைக்குத் தேங்காய் எண்ணெய் பூச வேண்டாம். தோல் கறுத்து, எண்ணெய் சிக்கு வாடை அடித்து, தையல் நூலையும் நனைத்துவிடும். எல்லாவற்றையும்விட முக்கியம், கத்தியை உறைக்குள் போட்டு வைக்காதீர்கள். தோலைப் பதனிடும் பொருளில் புளிப்பு உண்டு, ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். இங்கிலாந்துக் குளிரில் ஒரு மழைக்காலம் போதும், அலகு முழுக்கப் புள்ளி விழ.

ஆயுத பூஜைக்குத் தாராளமாக வையுங்கள். ஒரு தாம்பாளத்தில் துணி விரித்து அதன்மேல் வைத்து, சந்தனமும் குங்குமமும் தாம்பாளத்தின் விளிம்பில் இடுங்கள். ஈரச் சந்தனம் அலகில் காய்ந்தால் அந்த வட்டம் துருவாக நின்றுவிடும். பூவையும் அன்றே எடுத்துவிடுங்கள். சந்தைக்கோ நண்பர் வீட்டுக்கோ காட்டுவதற்காகச் சும்மா கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். பொது இடத்தில் தகுந்த காரணமில்லாமல் இதை வைத்திருப்பது அங்கே 1988 சட்டப்படி குற்றம்.

கடைசியாக அந்தத் தாள். அதைப் பத்திரமாக வையுங்கள், ஆனால் கத்தியோடு ஒட்டி வைக்காதீர்கள். இந்தக் கத்திகளுக்கு ஆள்வாரியாக எண் போட்டுக் கொடுக்கவில்லை, அதனால் இந்தக் கத்தி இந்த மனிதருடையது என்று எந்தக் கோப்பும் சொல்லாது. அந்த மனிதரைப் பற்றிக் கோப்புகள் சொல்லும். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் கமாண்டோ படைப்பிரிவுகளின் போர் நாட்குறிப்புகள் இருக்கின்றன, டபிள்யூ.ஓ. 218 என்ற வரிசை எண்ணில் கேட்கலாம். அவருடைய பணிப் பதிவேட்டுக்குக் குடும்பத்தார் விண்ணப்பிக்கலாம்.

செயின்ட் நஸேருக்குப் போனவர்கள் அறுநூற்றுச் சொச்சம் பேர். 169 பேர் இறந்தார்கள், 215 பேர் சிறைபட்டார்கள், 228 பேர் வீடு திரும்பினார்கள். சிறைபட்டவர் கையில் யாரும் கத்தியை விட்டுவைத்திருக்க மாட்டார்கள். ஆனால் திரும்பி வந்த 228 பேரில் அந்தத் தாத்தா இருந்திருந்தால், 1944இல் அவருக்கு இன்னொரு கத்தி கிடைத்திருக்கலாம், வளையம் போட்ட பிடியோடு. போரைப் பற்றி வீட்டில் அதிகம் பேசாத ஒரு மனிதரின் பேத்திக்கு, தெரிந்த ஒரே சண்டையின் பெயரும் பார்த்த ஒரே கத்தியும் சேர்ந்து ஒரே கதையாகிவிடுவது இயல்பு. அதனால்தான் அவரைச் சந்தேகிக்க வேண்டாம் என்று சொன்னேன்.

அவருடைய தொலைபேசி எண் உங்களிடம் இருந்தால் ஒரு தடவை கூப்பிடுங்கள். விற்காமல் மிச்சம் இருக்கும் பெட்டிகளில், தாத்தாவின் கருவி டப்பாவில், தோட்டக் கொட்டகை ஆணியில், ஒரு பழைய தோல் உறை கிடக்கிறதா என்று கேளுங்கள். காதுகள் வெட்டியிருக்கலாம், எலாஸ்டிக் அறுந்திருக்கலாம், குப்பியைச் சுற்றிப் பச்சையாகக் களிம்பு இருக்கலாம். வாயில் 2 அங்குல நீளத்துக்கு ஒரு தடம் பதிந்திருந்தால், கத்தியை உள்ளே தள்ளிப் பார்க்காமல், பக்கத்தில் வைத்து மட்டும் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.